டிஎம்சியும் கனஅடியும் கிராபிக்ஸ் கார்டும்

"சார், டிராக்டருக்கு ஹெச்பி இருக்கு. போர் மோட்டாருக்கு ஹெச்பி இருக்கு. இந்தச் சாமானுக்கு என்ன சார் ஹெச்பி?"

எதிர் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, கணினிப் பிரிவு. நெல் இலையைப் படம் பிடித்துக் கொடுத்தால் அது குலைநோயா, பழுப்புப் புள்ளியா, பாக்டீரியா இலைக்கருகலா என்று கணினியே சொல்ல வேண்டும். அடுத்த வருஷத்து ப்ராஜெக்ட் அது. ஆயிரக்கணக்கான இலைப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குவதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பையன் ஆறு மாதமாக அரித்துக்கொண்டிருந்தான். பூதலூர்ப் பக்கம் இருக்கிற நிலத்தில் சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணமும் வந்துவிட்டது. அப்பாவும் பிள்ளையுமாக ஒரு துண்டுக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

காகிதத்தில் மூன்று வரி. ஆர்டிஎக்ஸ் 3050, புதிது. ஆர்டிஎக்ஸ் 5060, புதிது. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, திருச்சியில் ஒருவர் இரண்டு வருஷம் பயன்படுத்திவிட்டு விற்கிறார். மூன்றில் விலை கூடியது 5060. முப்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. இந்த வருஷம் பொது ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியானால் அந்தக் கார்டு 12 குவிண்டால் நெல். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சாக்கில் 30 சாக்கு. இந்தக் கணக்கை நான் போடவில்லை, அவரே மனசுக்குள் போட்டு வைத்திருந்தார்.

அவர் கேள்விக்கு நேர்ப் பதில், "ஹெச்பி மாதிரி ஒரே எண் இதற்குக் கிடையாது" என்பதுதான். ஆனால் விற்கிறவர்கள் இருப்பதுபோலக் காட்டுகிறார்கள். 3050, 3060, 5060 என்ற பெயரே ஒரு ஹெச்பி மாதிரி ஒலிக்கிறது. முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் தரம். இப்படிப் புரிந்துகொண்டால் பெரிது எல்லாம் நல்லது, புதிது எல்லாம் உசத்தி என்று ஆகிவிடும். அந்தக் கணக்கை நம்பி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டவன். அதனால்தான் தெருவில் யார் கணினி வாங்கினாலும் கூப்பிடாமலே போய் நிற்கிறேன். ("உங்களை யாரு கேட்டா?" என்பது என் வீட்டுக்காரியின் நிரந்தர விமர்சனம்.)

அது 2014 கோடை. என் மகன் கல்லூரியில் சிவில் படித்துக்கொண்டிருந்தான். கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைந்து பார்ப்பான். அதைவிட அதிக நேரம் விளையாடுவான். 2009-இல் வாங்கிக் கொடுத்த கணினியில் 9600 ஜிடி என்ற கார்டு இருந்தது. அக்கினி நட்சத்திரத்து மின்னழுத்தத்தில் ஒரு நாள் அது போய்ச் சேர்ந்தது. ஆடித் தள்ளுபடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜிடி 730 என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பழையதில் நினைவகம் அரை ஜிபி, இதில் 2 ஜிபி. பழையதில் கணக்குப் போடும் கூறுகள், அதாவது கோர்கள், 64, இதில் 384. பழையது 95 வாட் மின்சாரம் குடிக்கும், இது அதில் கால்வாசிதான். விலையும் குறைவு. நாலு மடங்கு, ஆறு மடங்கு என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து மகன் சொன்னான்: "அப்பா, பழசே வேகமா இருந்துது."

நான் கத்தினேன். எட்டு வருஷம் முந்தின சாமானையா புதுசோடு சேர்க்கிறாய், உனக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை, படிப்பில் புத்தி இருந்தால் இது தோன்றுமா என்று என்னென்னவோ சொன்னேன். (2008-இல் வந்த கார்டுக்கு எட்டு வருஷம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கோபத்தில் கணக்கும் தப்பும்.) அவன் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரிய நாலைந்து வருஷம் ஆனது. ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகாத ஒரு மத்தியானம் இரண்டு கார்டுகளின் முழு விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 9600 ஜிடியில் நினைவகத்திலிருந்து கோர்களுக்குத் தரவு போகும் வேகம் வினாடிக்கு 57.6 ஜிகாபைட். நான் வாங்கிய 730-இல் 14.4. நாலில் ஒரு பங்கு. தேக்கி வைப்பது நாலு மடங்கு கூடி, திறந்துவிடுவது நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஆளை ஆறு மடங்கு ஆக்கிவிட்டு வாய்க்காலை அடைத்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும்?

வெட்கம் எதில் என்றால், நான் பொதுப்பணித்துறையில் ஆற்றுப் பாசனப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். டிஎம்சி வேறு, கனஅடி வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன்.

டெல்டாவில் இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, இது தேக்கம். அணையிலிருந்து வினாடிக்கு எத்தனை கனஅடி திறப்பு, கல்லணையில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு, இது ஓட்டம். ஒரு டிஎம்சி என்பது 11,574 கனஅடியை ஒரு நாள் முழுக்கத் திறந்துவிடுகிற தண்ணீர். அணை நிரம்பித் தளும்பினாலும் மதகை ஒரு சாண் தூக்கினால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். செய்தித்தாளில் தினமும் இரண்டு எண்ணையும் போடுகிறார்கள், நாமும் இரண்டையும் படிக்கிறோம். கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியில் மட்டும் டிஎம்சியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுக் கனஅடியை விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கனஅடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. மதகில் எத்தனை கண், ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் என்ன வேகம் என்று பெருக்குவதுபோலத்தான். நினைவகத்துக்கும் கோர்களுக்கும் இடையே எத்தனை பிட் அகலப் பாதை, ஒவ்வொரு பாதையிலும் வினாடிக்கு எத்தனை ஜிகாபிட் என்று பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஜிகாபைட் வந்துவிடும். 3060 12 ஜிபியில் 192 பிட், 15 ஜிகாபிட், ஆக 360. புதிய 5060-இல் 128 பிட்தான், ஆனால் ஜிடிடிஆர்7 என்ற புது நினைவகம் 28 ஜிகாபிட் வேகம், ஆக 448. கண் குறைந்தாலும் ஓட்டம் கூடியிருக்கிறது. புதிதை நாம் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது.

காகிதத்தின் முதல் வரிக்கு வந்தேன். "3050 என்றால் எந்த 3050?" என்று பையனைக் கேட்டேன்.

"ஒண்ணுதானே தாத்தா? எட்டு ஜிபி."

கடைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டான். 6 ஜிபி.

2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி நினைவகம், 2,560 கோர்கள், 128 பிட் பாதை, 224 ஜிகாபைட் ஓட்டம். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் இன்னொன்று வந்தது: 6 ஜிபி, 2,304 கோர்கள், 96 பிட், 168 ஜிகாபைட். பெயரைப் பார்த்து வாங்குகிறவன் நினைவகத்தில் மட்டும் 2 ஜிபி குறைவு என்று நினைப்பான். உண்மையில் ஆளும் குறைவு, கண்ணும் குறைவு, ஓட்டம் நாலில் மூன்று பங்கு. இரண்டு வருஷம் புதிது, ஆனால் பழையதைவிட மெலிந்தது.

அந்தச் சின்ன 3050 மோசமான சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. 70 வாட்தான் எடுக்கும். தனி மின்கம்பி இல்லாமல் பலகையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய அலுவலகக் கணினியில்கூடப் போட்டுவிடலாம். அதற்கு அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இல்லை என்பதுதான் என் சண்டை.

இது ஒரு தடவை தவறி நடந்தது என்றால் விட்டுவிடலாம். 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 என்று 6 ஜிபி கார்டு வந்தது, 1,280 கோர்கள். அடுத்த மாதமே அதே பெயரில் 3 ஜிபி கார்டு, அதில் 1,152 கோர்கள். ஜிடி 1030 இரண்டு விதம்: ஒன்றில் ஓட்டம் 48 ஜிகாபைட், டிடிஆர்4 போட்ட இன்னொன்றில் 16.8. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் பிறகு 8 ஜிபி என்று ஒன்று விட்டார்கள். 360-ஆக இருந்த ஓட்டம் அதில் 240. என்விடியாதான் இப்படி, எதிர்க் கம்பெனி யோக்கியம் என்றும் இல்லை. ஏஎம்டி 2017-இல் ஆர்எக்ஸ் 560 என்ற ஒரே பெயரில் 1,024 கூறுகள் உள்ளதையும் 896 உள்ளதையும் விற்றது. நான் ஏமாந்த 730-உம் ஒன்றல்ல, மூன்று: ஓட்டம் 14.4, 28.8, 40 என்று மூன்று விதம். கடைக்காரர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானம், "நினைவக அளவைப் பெட்டியில் தனியாகப் போட்டிருக்கிறோமே, பார்த்து வாங்க வேண்டியதுதானே" என்பது. இதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்.

சிஆர் 1009 என்ற நெல் ரகம் இங்கே எல்லாருக்கும் தெரியும். பொன்மணி என்பார்கள். நீண்ட கால ரகம், தாளடிக்கு ஆகாது, சம்பாவுக்குப் போடுவார்கள். ஐப்பசி மழையில் பயிர் முழுகினால் அழுகிவிடும். வெள்ளத்தில் முழுகிக் கிடந்தாலும் இரண்டு வாரம் போலத் தாக்குப்பிடிக்கிற ஒரு குணத்தை அதில் சேர்த்தார்கள். மற்றபடி அதே உயரம், அதே நாள், அதே அரிசி. அந்த ஒரு குணத்துக்காகப் பெயரோடு ஒரு வால் சேர்த்து சிஆர் 1009 சப்-1 என்று வெளியிட்டார்கள். நல்லதைச் சேர்த்ததற்கே பெயரை மாற்ற வேண்டும் என்பது நெல் உலகத்து நியாயம். சான்று பெற்ற விதை மூட்டையில் அட்டை தொங்கும். ரகம், முளைப்புத் திறன், புறத்தூய்மை, சோதித்த தேதி எல்லாம் இருக்கும். 1966 விதைச் சட்டம் போட்ட வழி இது. அறுபது வருஷம் ஆகிறது. ஏடிடி 43 என்று அட்டை போட்டு வேறு நெல்லைக் கட்டினால் விதை ஆய்வாளர் கேள்வி கேட்பார். சட்டம் அப்படியே நடக்கிறதா என்று கேட்டால் நான் சிரித்துக்கொள்வேன். ஆனாலும் கேட்பதற்கு ஒரு அட்டை இருக்கிறது.

நெல்லுக்குக் கூட்டியதற்கே புதுப் பெயர் வேண்டும். கார்டில் குறைத்தால் பழைய பெயரே போதுமா?

ஒரே ஒருமுறை சந்தை திருப்பி அடித்தது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். 16 ஜிபியில் 9,728 கோர்கள், 12 ஜிபியில் 7,680. வாங்குகிறவர்களும் விமர்சகர்களும் போட்ட கூச்சலில் மூன்றே வாரத்தில், அக்டோபர் 14-ஆம் தேதி, சின்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் அது 4070 டிஐ என்ற வேறு பெயரில் வந்தது. ஆக, பெயரை மாற்றினால் தொழில் ஒன்றும் மூழ்கிவிடாது. அது விலை கூடிய கார்டு, வாங்குகிறவர்களுக்கு இங்கிலீஷும் இணையமும் கைவசம். 730-உம் 1030-உம் 3050-உம் வாங்குகிற வீட்டுக்காரர்களுக்கு யார் கூச்சல் போடுவது?

அமெரிக்காவில் ஒரு வழக்கும் நடந்தது. ஜிடிஎக்ஸ் 970-இல் 4 ஜிபி என்று போட்டிருந்தார்கள். அதில் கடைசி அரை ஜிபி மட்டும் மிக மந்தமான பாதையில் இருந்தது 2015 ஜனவரியில் தெரியவந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், கொள்ளளவில் சேர்த்த தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு மதகுக்குக் கீழே கிடக்கிறது. 2016-இல் கார்டுக்கு 30 டாலர் என்று சமரசம் ஆனது.

இனி கோர் கணக்கு. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது அதிகம் ஏமாற்றுவது இதுதான். கிராபிக்ஸ் கார்டு என்பது நடவு வயல் மாதிரி. திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. வினாடிக்கு 60 தடவை புதுப்பித்தால் 12 கோடிக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சின்னச் சின்னக் கணக்கு. ஒரு பெரிய டிராக்டரைவிட வரிசையாக நிற்கிற ஆயிரம் நடவு ஆட்கள்தான் இதற்குத் தோது. இலைப் படத்தைப் பார்த்துப் பழகுவதும் இதே வகை வேலைதான், அதனால்தான் விளையாட்டுச் சாமான் ஆராய்ச்சிச் சாமானாகிவிட்டது.

ஆனால் ஆளை எண்ணுகிற முறையே 2020-இல் மாறிப்போனது. 3000 தலைமுறைக்கு முந்தைய தலைமுறையில் தசமக் கணக்குக்குத் தனி ஆள், முழு எண் கணக்குக்குத் தனி ஆள். கோர் என்று எண்ணியது முதல் வகையை மட்டும். 3000 தலைமுறையில் இரண்டாம் வகை ஆளுக்கும் தசமக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அவரையும் சேர்த்து எண்ணினார்கள். பழக்கியது நல்ல காரியம். ஆனால் முழு எண் வேலை வந்தால் அவர் அதற்குத்தான் போக வேண்டும். அதனால் 2019-இல் வந்த 1,408 கோர் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும், 2022-இல் வந்த 2,560 கோர் ஆர்டிஎக்ஸ் 3050-உம் பெரும்பாலான ஆட்டங்களில் ஏறக்குறைய ஒரே வேகம். ஓட்டத்தில் பழையதுதான் உசத்தி: 336-க்கு 224. தாளில் மட்டும் பார்த்தால் புதிது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பையன் இந்த இடத்தில் ஒரு கேள்வி போட்டான். "தாத்தா, திருச்சி என்ஐடியில் இருக்கிற பரம் பொருள் 838 டெராஃப்ளாப்ஸ். ஒரு 4060 கார்டே 15 டெராஃப்ளாப்ஸ். அப்ப 56 கார்டு வாங்கினா சூப்பர் கம்ப்யூட்டரா?"

2022 மே மாதம் தொடங்கிவைத்த அந்த இயந்திரத்தை இவ்வளவு மலிவாகக் கொடுக்க மனசு வரவில்லை. அளவு ஒன்றல்ல என்றேன். 838 என்பது இரட்டைத் துல்லியக் கணக்கு. வானிலை, கட்டுமானம் மாதிரி வேலைக்கு அதுதான் வேண்டும். 15 என்பது ஒற்றைத் துல்லியம். வீட்டுக் கார்டில் இரட்டைத் துல்லியம் அதில் 64-இல் ஒரு பங்கு. கால் டெராஃப்ளாப்ஸ்கூட வராது. 56 போதாது, மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். மரக்காலில் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்ட கதை. இலை நோய்க்கு ஒற்றைத் துல்லியமே தாராளம் என்பது வேறு விஷயம்.

என் கட்சிக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கனஅடியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினாலும் தப்பாகும். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-இன் ஓட்டம் 272 ஜிகாபைட், 2021-இன் 3060-க்கு 360. என் கணக்குப்படி புதிது தோற்க வேண்டும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் 4060தான் முந்துகிறது. காரணம், கோர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன நினைவகம் 3060-இல் 3 எம்பி, 4060-இல் 24 எம்பி. வயலுக்குள்ளேயே பண்ணைக்குட்டை வெட்டினவன் ஆற்று மதகை அடிக்கடி எதிர்பார்க்க மாட்டான். மின்சாரமும் 170 வாட்டிலிருந்து 115-ஆகக் குறைந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 26 யூனிட் மிச்சம். 100 யூனிட் இலவசம் இருக்கிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. 2014-இல் நான் வாங்கிய கார்டுக்கு அப்படி ஒரு குட்டை இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

ஆனால் குட்டை உதவுவது தேக்கத்துக்குள் அடங்குகிற வேலைக்குத்தான். பழக்க வேண்டிய மாதிரியும் படங்களும் 8 ஜிபியில் அடங்கவில்லை என்றால், நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நிரல் நின்றுவிடும். அங்கே 12 ஜிபி பழைய கார்டு மெதுவாகவாவது முடித்துக்கொடுக்கும். பையன் ஏற்கெனவே கூகுளின் இலவசக் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். அதில் கிடைப்பது பெரும்பாலும் டி4; 2018-இல் வந்தது, 16 ஜிபி. அதில் அடங்கிய வேலை, பாதி ராத்திரியில் இணைப்பு அறுந்ததால் போனது. அந்த நிரலை வைத்துப் பார்த்தால் அவனுக்கு 8 இறுக்கம், 12 சௌகரியம்.

பழையதுக்கும் ஒரு வயசு வரம்பு உண்டு, அதுவும் பெட்டியில் இராது. 1060 இன்னமும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புது ஆட்டங்களுக்கான மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை. கணிப்பு வேலைக்கான கூடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பில் அதற்கு இடமே இல்லை. "தாத்தா, 1060 எட்டாயிரத்துக்குக் கிடைக்குது" என்று பையன் இடையில் ஒருமுறை சொன்னபோது நான் வேண்டாம் என்றது இதற்காக. எவ்வளவு விளைந்தாலும் கொள்முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ரகத்தை யார் போடுவார்கள்? 2021-இன் 3060 இப்போதைக்குப் பட்டியலில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்து சட்டம் பெரிதாக ஒன்றும் புதிதாய்ச் செய்ய வேண்டியதில்லை. 2011-இன் பொட்டலப் பொருள் விதிப்படி அதிகபட்ச விலை, இறக்குமதியாளர் முகவரி, மாதம், வருஷம் எல்லாம் இப்போதே பெட்டியில் ஒட்டுகிறார்கள். சீலிங் ஃபேனுக்கே 2023 முதல் நட்சத்திர அட்டை கட்டாயம். உரமூட்டையில் 18-46 என்று போடாமல் "டிஏபி சூப்பர்" என்று மட்டும் போட்டால் யாராவது வாங்குவோமா? அந்த ஒட்டுத்தாளிலேயே இன்னும் ஒரு விரற்கடை இடம் கேட்கிறேன்: நினைவகம் எவ்வளவு, எந்த வகை, எத்தனை பிட், வினாடிக்கு எத்தனை ஜிகாபைட், எத்தனை கோர், எத்தனை வாட், பலகையோடு எத்தனை பாதையில் இணைகிறது, எந்த வருஷம் வரை மென்பொருள் ஆதரவு. எட்டு எண்கள். அதோடு, இவற்றில் நினைவக அளவைத் தவிர வேறு எது மாறினாலும் பெயரும் மாற வேண்டும்.

பலகை இணைப்பை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். 2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-இல் நாலே பாதைதான். புதுப் பலகையில் சமாளித்தது. பழைய பலகையில், அதாவது பழைய கணினிக்கு மலிவாக ஒரு கார்டு தேடுகிறவன் வீட்டில், சில ஆட்டங்களில் ஐந்து வருஷம் மூத்த ஆர்எக்ஸ் 580-க்குப் பின்னால் நின்றது. ஓட்டத்திலும் 580-க்கு 256, இதற்கு 144. பெயரிலோ 580 எங்கே, 6500 எங்கே!

இதையெல்லாம் எதிர் வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சொல்லவில்லை, பாதியில் எழுந்து ஓடியிருப்பார். அவர் கேட்டதற்கு இவ்வளவுதான் சொன்னேன்: "உங்க பையன் வேலைக்குப் பார்த்தா, திருச்சிக் கார்டு 12 டிஎம்சி, 360 கனஅடி. கடையில் இருக்கிற 5060 எட்டு டிஎம்சி, 448 கனஅடி, மூணு வருஷ வாரண்டி. சின்னது ஆறு டிஎம்சி, 168 கனஅடி."

அவர் உடனே, "ஏரி பெருசா இருக்கறதைப் பார்க்கலாம் சார், கோடையில கை கொடுக்கும்" என்றார். பிறகு, "ஆனா பழசு. யாரோ மாடா உழைக்க வச்சிருந்தா?"

அந்தப் பயம் சரிதான். 2021-இல் கிரிப்டோ நாணயம் எடுக்கிறேன் என்று இரவு பகலாக ஓட்டிய கார்டுகள், 2022 செப்டம்பரில் ஈதீரியம் முறை மாற்றியபின் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவற்றில் எது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பில் இருக்கிறதா, விசிறி சத்தம் போடுகிறதா, ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் சூடு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்றேன்.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் செய்து, 2014-இல் நீ சொன்னதுதான் சரி, நான் கத்தியது தப்பு என்று சொன்னேன். "எதைப்பா சொல்றே?" என்றான். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதுக்கப்புறம் நான் உன்கிட்ட கம்ப்யூட்டர் பத்தி எதுவுமே கேட்கலை இல்ல?" என்றான். கேட்கவில்லைதான். அந்த நாலைந்து வருஷமும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் அப்பாவும் பிள்ளையும் நானும் திருச்சிக்குப் போனோம். பையன் இலைப் படங்களையும் நிரலையும் பென் டிரைவில் எடுத்து வந்திருந்தான். விற்பவர் வீட்டுக் கணினியிலேயே ஒரு மணி நேரம் ஓட்டினான். சூடு 70-ஐத் தாண்டவில்லை, நிரல் நினைவகம் போதவில்லை என்று நிற்கவும் இல்லை. கடை பில்லைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, எதிர் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.